கைதட்டக் கூடாது

2019 மார்ச் 14 அன்று, தூத்துக்குடியில், பிறந்தது முதல் மூக்குக் குழாய் வழியே உணவு பெற்றுவந்த இரண்டு வயது ஆல்வின் முதன்முறையாக ஒரு வாய் கஞ்சி வாங்கினான். மீனவரான அப்பா மிக்கேல் பூரித்துக் கைதட்டினார். மிரண்டு துப்பியவன் பிறகு வாயே திறக்கவில்லை. மூக்குக் குழாய்க்குப் பதில் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க மருத்துவர்கள் நாள் குறித்தார்கள்.

உணவூட்டும் பயிற்சி தரும் செல்வராணி கிண்ணத்தை அவன்முன் வைத்துவிட்டு, பெற்றோரைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். அவர் மட்டும் சுவர்க் கண்ணாடியில் அவன் தொண்டையைக் கவனித்தார்.

“வேற ஏதாச்சும் பேசுங்க.”

“சீலா மீனு பட்டுச்சா?” என்றாள் தாய் ரெக்சி.

“எங்க, வலதான் கிழிஞ்சுது.”

பின்னால் கரண்டி உரசியது. கண்ணாடியில் ஆல்வினின் தொண்டை ஏறி இறங்கியது; செல்வராணி பெற்றோரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“மாதாவே, நன்றி,” என்றார் மிக்கேல், குரல் உடைந்து.

“மீனப் பத்திப் பேசுங்கண்ணே,” என்றார் செல்வராணி, கண்ணைத் துடைத்தபடி.

மூன்று வாரம் கழித்து, அறுவை சிகிச்சையை ரத்து செய்தார்கள்.