சுழன்று நின்ற காற்றாடி

ஆஞ்சியோகிராம் செய்த இடத்தில், தொடை ரத்தக்குழாயின் ஓட்டை மூடாமல் ரத்தம் கசிந்து எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. எந்த நேரமும் வெடிக்கலாம் என்றிருந்தார் டாக்டர். கடற்கரையில், ஊதினால் சுற்றும் காகிதக் காற்றாடி விற்கும் மாசிலாமணி, படுத்தபடியே ஸ்கேன் திரையைப் பார்த்தார். புடைப்புக்குள் சிவப்பும் நீலமுமாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது.

“நம்ம சரக்கு மாதிரியே இருக்கு.”

தலைமாட்டில் நின்ற மனைவி அஞ்சலை திரையை எட்டிப் பார்த்தாள். டாக்டர் புடைப்புக்குள் ஊசியை இறக்கி, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினார். திரையில் சுற்றியது தள்ளாடி நின்றது.

“அடைஞ்சிருச்சு,” என்றார் டாக்டர்.

நின்ற காற்றாடியைக் கண்டதும், நாற்பது வருடப் பழக்கத்தில் மாசிலாமணியின் உதடுகள் ஊதக் குவிந்தன. அஞ்சலை சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். அவள் விரலிடுக்கில் அவர் சிரிப்பு கசிந்தது.