மெர்வ் கட்டி இழுத்த பெட்டி

“யோவ் மெர்வ், என்னய்யா இது? வீட்டையே காலி பண்ணிப் பின்னால கட்டிட்டு வந்துட்டியா?”

டேரில் போட்ட சத்தத்தில் டப்போ ஊர்ப் பெட்ரோல் பங்கில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

மெர்வுடைய பெரிய பைக்குக்குப் பின்னால் ரெண்டு சக்கரத்தோடு, மூடி போட்ட ஒரு பெட்டி ட்ரெய்லர். புத்தம் புதுசு. மெர்வ் குனிந்து, கொக்கியை மாட்டி, சங்கிலியைக் குறுக்காகப் போட்டு, விளக்கு ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தான்.

“கோரலுக்கு நாற்காலி வேணுமாம், அடுப்பு வேணுமாம். நான் என்ன பண்ணட்டும்?”

“என் தலையில போடாதே,” என்றாள் அவன் பெண்டாட்டி கோரல், சிரிக்காமல்.

“இதைக் கட்டிக்கிட்டு எவ்வளவு வேகத்துல வருவே?”

“தொண்ணூறு. அதைத் தாண்டினா ஆட்டம் போடும்.”

டேரில் தலையில் அடித்துக்கொண்டான். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ப்ரோக்கன் ஹில்லில் அன்று ராத்திரி பைக் கிளப்புகளின் ஆண்டு விருந்து. கிளப் தலைவன் என்ற முறையில் எல்லாரையும் நேரத்துக்குக் கூட்டிப்போக வேண்டியது அவன் பொறுப்பு. ஆனால் அவன் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. மெதுவாகப் போகிறவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

கிளப்பின் பழைய ஆளான ராஸ்லின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பெருமூச்சு விட்டாள். அப்பாடா!

போன குளிர்காலத்தில் ஈர ரோட்டில் வழுக்கி விழுந்ததில் அவள் மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. பயம்தான் கூடவே ஒட்டிக்கொண்டது. தொண்ணூறைத் தாண்டினால் ஆக்ஸிலேட்டரைத் திருகிய கை தானாகத் தளர்ந்துவிடும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு தடவை தனக்காக எல்லாரும் காத்து நின்றாலும் சரி, ஊர் திரும்பியதும் பைக்கை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். முப்பது வருஷமாக ஓட்டியவள்.

வழக்கம்போலக் கடைசி ஆளாக மெர்வ் வந்தான். அவனுக்கு முன்னால் ராஸ்லின். தொண்ணூறிலேயே ஊர்ந்தார்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை.

வழியில் கோபார் ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது டேரில் ஆரம்பித்தான். “இப்பவே மணியைப் பாரு. சாயங்காலம் ஆச்சுன்னா ரோடு பூரா கங்காரு குதிக்கும். அதுக்கப்புறம் ஓட்ட முடியாது. நடுவழியில வில்கேனியாவிலயே படுக்க வேண்டியதுதான். விருந்து போச்சு!”

“சாமானைப் பிரிச்சு நாங்க ஆளுக்கொண்ணு எடுத்துக்கறோம். பெட்டியை இங்கயே விட்டுடேன்,” என்றான் ஒருவன்.

“வேண்டாம்ப்பா. அது என் பாடு,” என்றான் மெர்வ் அவசரமாக.

“அடுத்த வருஷம் இந்தச் சனியனைக் கட்டிட்டு வா, உன்னைச் சேர்க்கவே மாட்டேன்!” என்றான் டேரில்.

எல்லாரும் சிரித்தார்கள். தன் பக்கம் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பதைப்பில் ராஸ்லினும் சேர்ந்துகொண்டாள்.

“ஆமா மெர்வ், உன்னாலதான் எங்க எல்லாருக்கும் விருந்து போகப் போகுது.”

“மன்னிச்சுக்க ராஸ்,” என்றான் மெர்வ், டீயை ஊதிக்கொண்டே.

அந்தக் குரல் வழிநெடுக அவளைக் குத்தியது.

டேரில் சொன்னபடியே ஆனது. வெயில் சாய்ந்தபோது வில்கேனியாவைத்தான் தொட்டிருந்தார்கள். ஒரு விடுதியில் அறை எடுத்தார்கள். முற்றத்தில் ஆளுக்கொரு பீரும் கறி பஃப்ஸுமாக உட்கார்ந்து, நடக்காத விருந்துக்காக மெர்வை மாறி மாறித் திட்டினார்கள். மெர்வ் அறைச் சாவி வாங்கப் போயிருந்தான்.

ராஸ்லினுக்கு மனசு கேட்கவில்லை. பேசின பேச்சுக்கு, அவன் சாமானையாவது இறக்கி வைக்கலாம் என்று ட்ரெய்லர் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே நாற்காலி இல்லை. அடுப்பு இல்லை. நடுவில் ரெண்டு மூட்டை மணல். அவ்வளவுதான்.

“மூடு, மூடு!” பின்னாலிருந்து மெர்வ் கிசுகிசுத்தான்.

“மெர்வ், எதுக்கு இந்த மணல்?”

“காலிப் பெட்டி குதிக்கும். அதான்.”

“காலிப் பெட்டியை எதுக்கு இழுத்துட்டு வந்தே?”

மெர்வ் சாவியைக் கையில் உருட்டினான். “நீ விழுந்ததுக்கப்புறம் போன தடவையும் உன் பின்னாலதானே வந்தேன். எதிர்ல லாரி வந்தப்பல்லாம் உன் பிரேக் விளக்கு எரிஞ்சுது. விட்டா நீ வர்றதையே நிறுத்திடுவியோன்னு கோரல் பயந்தா. யாராவது ஒருத்தர் மெதுவாப் போகணும்ல? திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்.”

ராஸ்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. பகலெல்லாம் தன் பழியைச் சுமந்தவனைத் தானும் சேர்ந்தல்லவா பழித்திருக்கிறாள்!

விறுவிறுவென்று முற்றத்துக்கு நடந்தாள்.

“டேரில், அவனைத் திட்டினது போதும். மெதுவா வர்றது அவன் இல்லை, நான். விழுந்ததிலிருந்து தொண்ணூறுக்கு மேல போக எனக்குப் பயமா இருக்கு. அந்தப் பெட்டியில மணலைத் தவிர ஒண்ணுமே இல்லை, போய்ப் பாரு.”

டேரில் எழுந்து போனான். மூடியைத் தூக்கிப் பார்த்தான். நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“போச்சு, காரியத்தைக் கெடுத்தியே!” என்றான் பின்னாலேயே வந்திருந்த மெர்வ். ராஸ்லினுக்கும் அப்படித்தான் தோன்றியது.

காலையில் அவள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். மணல் மூட்டை ரெண்டும் சுவரோரம் கிடந்தன. டேரில் தன் பையை ட்ரெய்லருக்குள் போட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

“எல்லாப் பையும் இதுல போடுங்கய்யா, வண்டி குதிக்கக் கூடாது! ராஸ், நீ இன்னிக்கு முன்னால போ. உன் வேகம்தான் எங்க வேகம்.”