ஒன்பதாம் அறையின் குளிர்

வெப்பமானி இருபத்தொரு டிகிரி காட்டியது. ஆனால் கட்டிலில் எல்ஸ்பெத் கம்பளித் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள்.

மனாசே சுவரோரம் இருந்த, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். நல்ல சூடு.

"இப்பவே குளிருதாம்மா?"

"இப்ப இல்ல. ரெண்டு மணிக்குக் குளிரும்." பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதுதான் மனாசேயைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு வாரமாகவே இப்படித்தான். அந்த முதியோர் இல்லத்தில் மற்ற இருபது அறைகளும் கதகதவென்று இருக்க, மதியம் இரண்டு மணிக்கு இந்த ஒன்பதாம் அறை மட்டும் பதினாலு டிகிரிக்கு இறங்கிவிடும். ஓடி வந்து பார்த்தால் ரேடியேட்டர் சுடும், அறை ஜில்லென்று கிடக்கும்.

நிலக்கரி பாய்லரை நிறுத்திவிட்டு மரச்சில்லு பாய்லர் வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பக்கத்து மர ஆலையில் மிச்சமாகும் பைன் சில்லுகளே போதும், புகையும் இல்லை, கரியும் இல்லை என்று இல்லத்துக் கமிட்டியிடம் மன்றாடிக் கொண்டுவந்தவன், பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் மனாசேதான். டோங்கா தீவில் பிறந்தவன். குளிர் என்றால் என்னவென்று நியூஸிலாந்தின் இந்தத் தென்கோடிக்கு வந்துதான் தெரிந்துகொண்டான்.

வராந்தாவில் நிர்வாகி கிளெனிஸ் அவனை மறித்தாள்.

"ரெண்டு மணிக்குக் கமிட்டிக்காரங்க வர்றாங்க. இன்னிக்கும் அந்த ரூம் குளிர்ந்துச்சுன்னா, திங்கக்கிழமை பழைய கரி பாய்லரைப் பத்தவெச்சிடுவாங்க. அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல, மனாசே."

"எந்தக் கோளாறும் இல்ல மேடம். பம்பைப் பிரிச்சு மாட்டினேன். குழாயில காத்து அடைச்சிருக்கான்னும் பார்த்துட்டேன்."

"அப்ப அந்தம்மா ஏன் நடுங்குது? பதினெட்டுக்குக் கீழ போனா ஆளை உடனே ஹாலுக்கு மாத்தணும்னு இங்க விதி. ஒரு பக்கம் கைகால் வராத மனுஷி. தினமும் ரெண்டு பொண்ணுங்க கைவேலையைப் போட்டுட்டு வந்து தூக்கி, சக்கர நாற்காலியில வைக்குது. சும்மா சும்மா தூக்க எனக்கு ஆள் எங்க இருக்கு?"

மனாசே பாய்லர் கொட்டகைக்கு ஓடினான். நெருப்பு சீராக எரிந்துகொண்டிருந்தது. மூலையில் தார்ப்பாய் போர்த்திய பழைய கரி பாய்லர், அவன் போகட்டும் என்று காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. அங்கே நிற்கப் பிடிக்காமல் ஹாலுக்கு வந்தான்.

ஹாலில் டூகல் கிழவர் சீட்டாட்ட மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் போட்டார். நாற்பது வருடம் இதே இல்லத்துக்கு லாரியில் நிலக்கரி கொண்டுவந்து கொட்டியவர். இப்போது இங்கேயே தங்கியிருக்கிறார்.

"என்னப்பா மலைமுழுங்கி, உன் மரத்தூள் என்ன சொல்லுது?"

"நல்லாத்தான் எரியுது பெரியவரே."

"எரியும், எரியும். மரச்சூடு தோலோட நின்னுடும்டா. கரிச்சூடுதான் எலும்புக்குள்ள போகும். நான் கொட்டின காலத்துல ஒரு ஆளாவது நடுங்கியிருக்குமா, கேட்டுப் பாரு."

மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவிகளும் களுக்கென்று சிரித்தார்கள். மேசைமேல் சீட்டைக் காணோம்.

"நீங்க ஆடலையா?" என்றான் மனாசே எரிச்சலோடு.

"ரெண்டு மணிக்குத்தான் எங்க ஆட்டம்" என்றாள் ஒருத்தி.

அவனுக்கு உட்கார முடியவில்லை. மறுபடி கொட்டகை, மறுபடி வராந்தா. மணி ஒன்றே முக்கால். ஹாலை எட்டிப் பார்த்தான். கிழவிகள் இருந்தார்கள். டூகலைக் காணோம்.

மனாசேயின் மண்டையில் பளீரென்று ஏதோ உறைத்தது. கரிக்காரக் கிழவன்! ஒன்பதாம் அறைக்கு ஓடினான்.

கதவைத் தள்ளியதும் அந்த ஊர்க் குளிர்காலமான ஜூலை மாதத்துக் காற்று முகத்தில் அறைந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஆலங்கட்டி மழை உள்ளே சிதறிக்கொண்டிருந்தது. திரைச்சீலையைச் சுருட்டிப் பிடித்தபடி டூகல் நின்றிருந்தார்.

"நீங்கதானா!" மனாசே கத்தினான். "உங்க கரி திரும்ப வரணும்னு, கைகால் வராத ஒரு பொம்பளையை தினமும் இப்படிக் குளிர்ல போட்டிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷனா?"

டூகல் திரைச்சீலையை விட்டுவிட்டு, கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே சரளைக்கல்லில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வாங்க வெளிய. கமிட்டிக்காரங்ககிட்டயே சொல்லுங்க." மனாசே அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுப்பா அவரை. திறக்கச் சொன்னது நான்."

மனாசே திரும்பினான். போர்வைக்கடியிலிருந்து எல்ஸ்பெத்தின் நல்ல கை மெல்ல வெளியே வந்தது. அதில் ஒரு சீட்டுக்கட்டு.

"ரூம் குளிர்ந்தாத்தானே என்னைச் சீட்டாட ஹாலுக்குத் தூக்கிட்டுப் போறாங்க?"