வாளிக்குள் தண்ணீர்

ஓடைக்கரையைக் கட்டுவதற்காக மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரு பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மதியத்துக்குள் அதுவும் வற்றிவிடும். அதில் ஒரு தாய் விராலும் அதன் குஞ்சுகளும் மாட்டிக்கொண்டன.

வேலையாட்கள் ஒரு வாளியை உள்ளே சாய்த்தார்கள். அதைக் கண்டதுமே குஞ்சுகள் சேற்றில் ஒளிந்துகொண்டன.

"சீக்கிரம் ஏறுங்க. மேலே இருக்கிற மடுவிலே விட்டுடறேன்" என்றது வாளி.

"போன வாரம் என் தங்கச்சியைக் குழம்புக்குத் தூக்கிட்டுப் போனது நீதானே?" என்றது விரால்.

"நான்தான். அன்னிக்கு எனக்குள்ளே தண்ணி இருந்துச்சா? இன்னிக்கு இருக்கு, பாரு."

அப்படியும் விராலுக்கு மனசு ஒப்பவில்லை. "அசையாம இருங்க. அம்மா முதல்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று குஞ்சுகளிடம் சொல்லிவிட்டுத் தனியாக வாளிக்குள் நுழைந்தது. உடனே வாளியைத் தூக்கிவிட்டார்கள்.

மடுவில் தண்ணீர் ஆழமாக, குளிர்ச்சியாக இருந்தது. விரால் அதில் ஒரு சுற்றுக்கூட நீந்தவில்லை.

"ஐயோ, சீக்கிரம் திரும்பிப் போ! பயமில்லை, அம்மா வரச் சொன்னான்னு என் பிள்ளைங்ககிட்டே சொல்லு."

"சொல்றேன்" என்றது வாளி. "ஆனா என்னைப் பார்த்தாலே ஒளிஞ்சுக்கணும்னு நீதானே அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கே."