ஆண்டாளின் குனிந்த தலை

கரும்பு வெட்டும் ஆண்டாள் கண்காட்சி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், அவளை வரைந்த படத்தைத் துணியால் மூடிவிட ஓவியன் டென்னிஸ் பரபரக்கிறான். பண்ணைக்காரர் தமிழரசன் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார். “இன்னா டென்னிஸ், இப்பதான தொறந்தோம்? அதுவும் பாக்கட்டுமே.” ஜன்னல் வெயிலில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் மினுங்குகின்றன. ஒன்றில் தமிழரசனின் மனைவி சுபஸ்ரீ பட்டுப்புடவையில் நிமிர்ந்து, எதிரே நிற்பவரை நேராகப் பார்க்கிறாள். மற்றதில் ஆண்டாள் தலைகுனிந்து, காய்ப்பேறிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். “பரம்பரைக் களைன்னா இதாங்க. அந்தப் பார்வையைப் பாருங்க” என்கிறார் கூட்டத்தில் ஒருவர். “இந்தம்மா மூஞ்சில எம்மாம் அடக்கம்” என்கிறார் அடுத்தவர், ஆண்டாள் படத்தைக் காட்டி. ஆண்டாள் தன் படத்தின் முன்னால் வந்து நிற்கிறாள். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைக்கிறாள். “நான் இப்டியா தம்பி குந்திக்கினு இருந்தேன்?” டென்னிஸின் காதுமடல் சுடுகிறது. “படத்துக்கு அதான்க்கா அழகு” என்று முனகுகிறான். அவள் பக்கத்துப் படத்துக்கு நகர்கிறாள். அவன் தரையைப் பார்க்கிறான். வரைந்த மூன்று நாளும் குனிந்த தலை நிமிராமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் சுபஸ்ரீ. இமை தாழ்த்தாமல் அவனை நேருக்கு நேர் பார்த்தவள் ஆண்டாள். அந்தப் பட்டுப்புடவைக்கு மேலே அவன் தீட்டி வைத்திருப்பது ஆண்டாளின் கண்களை.