தள்ளினால் கட்டணமில்லை

பழைய காரின் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனால், தூய காற்று மண்டலத்துக்குள் கட்டணம் கிடையாது. காருக்குள் இருக்கும் அழுக்குக் காற்று மட்டும் வெளியேறக் கூடாதென்று, மண்டலத்தின் நுழைவுச் சாவடியிலேயே கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளுக்கு சீல் வைத்துவிடுவார்கள்.

மூச்சுத்திணறலில் தவித்த பிலோமினா ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, கணவர் இருதயராஜ் பின்னாலிருந்து தள்ளினார். ஆஸ்பத்திரி கண்ணில் பட்ட நேரத்தில் ஹாரன் விடாமல் அலறத் தொடங்கியது.

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன், அதுக்குள்ள என்னடி அவசரம்!"

கார் ஆஸ்பத்திரிச் சுவரில் முட்டி நின்ற பிறகும் ஹாரன் ஓயவில்லை. முன்பக்கம் ஓடிப் பார்த்தார். பிலோமினா ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தாள். சீல் பட்டையைப் பிய்க்கப் போன அவர் கையைக் காவலாளி பிடித்துக்கொண்டார்.

"நோயாளிங்க இருக்கிற இடம் சார். மண்டலத்துக்கு வெளிய தள்ளிட்டுப் போய்த் திறங்க."