மூன்றாவது சுற்று

கதாயுதத்தின் தலையைப் பிரித்து, உள்ளேயிருந்த வைக்கோலை உருவி எறிந்துவிட்டு, கடப்பாரைத் துண்டு ஒன்றைச் செருகினான் சிங்காரவேலு. மேலே பழையபடி காகிதத்தை ஒட்டி ஜிகினாவைச் சுற்றினான். தூக்கிப் பார்த்தால் கை வலித்தது. வலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், மடுகரையில் பாரதக் கூத்தின் கடைசி நாள். விடிந்து வெயில் ஏறிவிட்டது. திடலில் களிமண் துரியோதனன் முப்பதடி நீளத்துக்கு மல்லாந்து கிடந்தான். வேஷம் கட்டிய துரியோதனன் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி மூன்று முறை ஓடுவான், பீமன் துரத்துவான். மூன்றாவது சுற்றில் பீமன் மண்தொடையில் ஓங்கி அடிப்பான். உள்ளே புதைத்த குங்குமத் தண்ணீர் ரத்தமாகப் பீறிடும். வருஷா வருஷம் இப்படித்தான். இந்த வருஷம் பீமன் வேஷக்காரன் சிங்காரவேலுவுக்கு மண்ணை அடிக்கிற உத்தேசம் இல்லை.

துரியோதனன் கட்டுகிறவன் உலகநாதன், சிங்காரவேலுவின் தங்கை புருஷன். ஏழு மாதத்துக்கு முன்பு தங்கை கஸ்தூரியைக் கிணற்றிலிருந்து பிணமாகத் தூக்கினார்கள். தண்ணீர் மொள்ளப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் உலகநாதன். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு போனது. உடம்புக்கு மஞ்சள் தேய்த்த அம்மா கனகாம்பாளின் கைக்குத்தான் பின்மண்டையில் உலக்கை இறங்கிய பள்ளம் தட்டுப்பட்டது.

அன்றைக்கே வெட்டிப் போட்டிருப்பான். "நீயும் ஜெயிலுக்குப் போய்ட்டா எனுக்கு யாருடா இருக்கா" என்று அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு மாதம் அந்தப் பாவியோடு ஒரே கூத்து ஜமாவில் ஆடினான். கூத்தில் கைதவறிப் பட்டுவிட்டது என்றால் எந்த கோர்ட்டு என்ன செய்துவிடும்?

திடலோரம் ஒரு வேன் வந்து நின்றது. ஐந்து காலேஜ் பையன்கள் இறங்கினார்கள். பார்த்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் போலவே கறுப்பாக இருந்தார்கள். வாயைத் திறந்தால் பிரெஞ்சு கொட்டியது. கூட வந்த வாத்தியார் பீமனைத் தேடி வந்தார்.

"ரெயூனியோன் தீவுப் பசங்க. பாண்டிச்சேரில ஒரு வருஷப் படிப்பு முடிஞ்சிது. ஊருக்குத் திரும்பறதுக்கு முன்ன நாலு எடம் சுத்திக் காட்டறேன். இவங்க பாட்டன் பூட்டன்லாம் இங்கேருந்து கப்பலேறிப் போனவங்கதான். அங்கயும் திரௌபதிக்குத் தீ மிதிக்கிறாங்களாம். போட்டோ எடுத்துக்கலாமா?"

"நல்லா எடுக்கட்டும் சார். கிட்டக்க குந்திக்கினு பாக்கச் சொல்லுங்க" என்றான் சிங்காரவேலு. கைதவறியதற்கு வெளியூர்ச் சாட்சி கிடைத்தால் கசக்கவா போகிறது?

கடைசி நாளான படுகளத்தன்று பீமனும் துரியோதனனும் களத்தில்தான் முகம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஜமாவின் கட்டுப்பாடு. வேஷக் கொட்டகைக்கு நடுவே படுதா தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் உலகநாதனின் குரல் கேட்டது.

"அரிதாரம் காயட்டும், மூஞ்சத் தொடாத. ஓடும்போது கிரீடத்த ஒரு கையால புடிச்சிக்க."

சல்லியன் வேஷக்காரனுக்குப் பாடம் நடத்துகிறான் போலும். சாகப்போகிற நேரத்திலும் வாய் மட்டும் ஓயவில்லை என்று சிங்காரவேலுவுக்கு வயிறு எரிந்தது.

மத்தளம் அதிர்ந்தது. படுதாவை விலக்கிக்கொண்டு துரியோதனன் களத்தில் குதித்தான். புஜக்கட்டையும் கிரீடமும் வெயிலில் தகதகத்தன. சிவப்பு அரிதாரத்தில் மீசை மட்டும் கரியாகத் தெரிந்தது. பீமன் துரத்தினான்.

முதல் சுற்றிலேயே, "டேய் சோத்துப் பான" என்று பீமனை வம்புக்கு இழுத்து ஜனங்களைச் சிரிக்க வைப்பது உலகநாதனின் வழக்கம். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் ஓட்டம் மட்டும்தான். நாய்க்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்திவிட்டது, பயந்து ஓடுகிறது என்று சிங்காரவேலு குஷியானான்.

மூன்றாவது சுற்றில் துரியோதனன் கால் இடறி மண்ணுருவத்தின் மார்பில் விழுந்தான். புரண்டு திரும்பி, பீமனைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் சிங்காரவேலுவுக்குக் கண் இருண்டது. தங்கையைக் கொன்றவன் சிரிக்கிறான்.

"கஸ்தூரி அனுப்புனாடா என்னிய" என்று கதாயுதத்தை இறக்கினான். தொடையெலும்பு முறிகிற சத்தம் அவன் கையில் வந்து ஏறியது. துரியோதனன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மத்தளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது அடியில் கிரீடம் இரண்டாகப் பிளந்தது. மூன்றாவது அடி கிரீடம் இல்லாத தலையில் விழுந்தது. கால்கள் இரண்டு தரம் மண்ணை உதைத்து ஓய்ந்தன. களிமண் மார்பில் ரத்தம் குளமாகத் தேங்கியது.

ஜனங்கள் "கோவிந்தா, கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குங்குமத் தண்ணீர் இந்த வருஷம் அமோகம் என்று யாரோ மெச்சினார்கள். முன்வரிசைப் பெஞ்சில் நான்கு பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

சிங்காரவேலுவுக்கு மூச்சு இரைத்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. அப்போது தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பினான். முகத்தில் பொட்டு அரிதாரம் இல்லாமல், லுங்கியும் துண்டுமாக உலகநாதன் நின்றிருந்தான்.

"போதும் மச்சான், எழுப்பி உடு. ஆசப்பட்டுக் கேட்டுச்சேன்னு வேஷத்தக் கட்டி உட்டேன், நாளைக்கி அந்தப் புள்ளக்கி பிளேனு."